நன்றி சொல்லாத மனுசி

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்த மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவவோ? அவ ஒரு நன்றி கெட்ட மனுசியெல்லோ."

பாயாசத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரும். கலியாண வீடு." கலியாண வீடாம். செத்த வீடாக இருந்தாலும் நான் அன்று எழும்பித்தான் இருப்பேன். சொன்னவர் அந்தக் காலத்தில் எங்கள் சங்கீதப் பள்ளிக்கூடக் கொமிற்றியில் இருந்தவர். வாயிருக்கிறது என்பதற்காக என்னவும் சொல்லிவிட்டுப் போகலாமா?

அவர் குறை சொன்ன அந்த மனுசி நன்றி சொல்லமாட்டார் என்பது உண்மை. அதை மறுக்க நான் வரவில்லை. எங்கள் ஆட்களின் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மங்கள விளக்கேற்றல், தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, கடைசியில் நன்றியுரை. மைக் தந்தவனிலிருந்து மாலை கட்டினவன் வரைக்கும் ஒருவர் பேர் விடுபட்டாலும் மறுநாள் டெலிபோன் அடிக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுசி ஆட்களிடம் போய்ப் போய்க் கேட்டு ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினார். ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை.

நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய மண்டபத்தில், சனிக்கிழமைகளில் வகுப்பு. ரயில் போனால் சுருதி கேட்காது. போய் முடியும்வரை வயலின் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருப்போம். படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, படிப்பிக்கிற எங்களுக்குச் சம்பளமும் இல்லை. கிழமை நாட்களில் நான் ஒரு கந்தோரில் வேலை, சனிக்கிழமை வயலின் ரீச்சர்.

அக்காவுக்குச் சங்கீதத்தில் அரிச்சுவடியும் தெரியாது. தேவாரம் பாடச் சொன்னால் வாசிப்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஏற்ற இறக்கம் இல்லாத, எதிராளி மறுக்க இடம் வைக்காத குரல். கலியாணம் செய்யவில்லை என்று ஒரு கதை, செய்து விட்டுவிட்டு வந்தவர் என்று இன்னொரு கதை. நான் கேட்டதில்லை. பெரிய கறுப்புக் கைப்பையும் குடையுமாக ஒரு கடைக்குள் ஏறினால் "பிள்ளையளுக்கு வேணும்" என்பதுதான் முதல் வார்த்தை. எந்தப் பிள்ளைகள், என்ன வேணும் என்பதெல்லாம் கதிரையில் இருந்த பிறகுதான்.

காசு தருகிறேன் என்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "காசு தந்திட்டு வீட்டிலை இருந்திடுவினம்," என்பார். ஆளிடம் என்ன இருக்கிறதோ அதைத்தான் கேட்பார். வான் வைத்திருந்த ஒரு டொக்டரின் மனைவியை, வகுப்பு முடிய தூரத்துப் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடப் பண்ணினார். அந்த மனுசி மூன்றாம் கிழமை தானாகவே பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அக்கா "ம்" என்றார்.

மற்றப் பக்கமும் இருந்தது. சங்கீதப் பள்ளிக்கூடம் என்றதும் எங்கள் சனம் அலுமாரிக்கு மேலே கிடந்ததையெல்லாம் இறக்கித் தந்தது. கறையான் தின்ற ஆர்மோனியம், கழுத்து முறிந்த வயலின், ஒரு பக்கத் தோல் கிழிந்த மிருதங்கம். தந்துவிட்டு, மாலை போடுவார்களா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். குப்பை லொறிக்குப் போடவேண்டியதைக் கலைக்குக் கொடையாகக் குடுத்த வள்ளல்கள். எனக்கு அந்த நேரமே பற்றிக்கொண்டு வரும். அக்கா ஒன்றும் சொல்லாமல் முறிந்த வயலின்களைப் பனையோலை உமலில் போட்டுக்கொண்டு மருதானைக்குப் பஸ் ஏறுவார்.

மருதானையில் மேசை கதிரை திருத்தும் ஒரு சிங்களவர், பழைய வயலினும் பார்ப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். அந்த மனிதர் கழுத்தை ஒட்டி, முளைகளைச் சீவி, சாமான் செலவு மட்டும் எடுத்துக்கொண்டு தந்தார். அக்கா வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உமலில் போட்டுக்கொண்டு எழும்பினார். அவர் சிரித்தபடி கேட்டார்: "ஸ்தூதியக்வத் நெத்த, நோனா?" ஒரு நன்றிகூட இல்லையா என்று. அக்கா தன் அரைகுறைச் சிங்களத்தில், "ஹெட்டத் எனவா, மல்லி," என்றார். நாளைக்கும் வருவேன், தம்பி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ்ஸில் வைத்தே கேட்டேன். "ஏன் அக்கா, ஒரு நன்றி சொன்னா வாய் புண்ணாகிப் போகுமோ?"

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எக்ஸ்சேஞ்சிலை முப்பது வருசம் இருந்தனான், பிள்ளை. 'தாங்க் யூ' எண்டு சனம் சொன்னா லைனைக் கழட்டலாம் எண்டு அர்த்தம். எனக்கு உந்த மனுசனோடை அலுவல் முடியேல்லை. பிறகேன் சொல்லுவான்?"

கண்டறியாத கதை என்று அன்று நினைத்தேன். பிறகு ஒருமுறை அந்த மனிதரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு வார்ட்டில் கட்டிலருகே இருப்பதைக் கண்டேன். ஏன் வந்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

இனி, பிறகு கொமிற்றித் தலைவரான மனிதருக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் மாடி வீடு, ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் முற்றம், லொறிகள். பிள்ளைகள் சீமெந்துத் தரையில் இருந்து சளி பிடித்துக்கொள்கிறார்கள் என்று அக்கா ஒருநாள் அந்த முற்றத்துக்கே போய், வெளிநாட்டுச் சாமான் வந்த பெட்டிகளின் பலகையைக் கேட்டார். மனிதர் ஒரு லொறி பலகை அனுப்பினார். அதை மறைக்கமாட்டேன். பலகையெல்லாம் ஆங்கில எழுத்தும் அம்புக்குறியுமாக இருந்தது. பிள்ளைகள் அதன்மேல் சம்மணம் கட்டியிருந்து சரளிவரிசை பாடினார்கள். பலகையைப் பார்க்கத் தலைவர் படம் பிடிக்கிறவனையும் கூட்டிக்கொண்டு வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா குனிந்து ஒரு பலகையைத் தடவினார். "இதிலை சிலாம்பு கிடக்கு. பிள்ளையளுக்குக் குத்தும். சீவிறதுக்கு ஒராளை அனுப்புங்கோ."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஆளை அனுப்பினார். அந்த வருசமே கொமிற்றி அவரைத் தலைவராக்கியது. சிலாம்பைச் சீவினார், அக்காவின் அந்தச் சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார்.

அந்த வருசங்களில் வெள்ளவத்தை லொட்ஜ்கள் நிரம்பி வழிந்தன. சண்டைக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்து, வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏஜென்சிக்காரன் நாள் சொல்லும்வரை காத்துக் கிடந்த குடும்பங்கள். கட்டிலும் பெட்டியும் போக நிற்க இடமில்லாத அறைகள். பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, வெளியே போனால் எந்த முனையில் பொலிஸ்காரன் மறித்து அடையாள அட்டை கேட்பான் என்று தெரியாது. அக்கா லொட்ஜ் லொட்ஜாக ஏறி அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இதுகள் வர்ணம் தொடங்க முதலே போயிடுங்கள், அக்கா," என்றேன்.

"போகட்டும். தெரிஞ்ச மட்டும் கொண்டு போகட்டும்."

அதில் ஒருத்தி தர்சினி. தாயோடு வந்தவள். தகப்பன் ஊரில், கடிதம் வருவதில்லை. லொட்ஜில் வயலின் இல்லாதபடியால் வலது முன்கையை வயலின் கழுத்தாக வைத்து, இடது கை விரலால் அழுத்தி அழுத்திப் பழகுவாள். சனிக்கிழமை வரும்போது அந்தக் கையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். என்னிடம் படித்த பிள்ளைகளில் அவளைப்போல ஒருத்தியை நான் பிறகு காணவில்லை.

லொட்ஜ் பிள்ளைகள் கூடினால் பொலிஸ் வரும் என்று அக்காவுக்குத் தெரியும். அதற்கும் ஆள் பிடித்தார். புதுக்கடையில் நீதிமன்ற வாசலில் நின்று ஒரு லோயரை மறித்தார். அவர்தான் எனக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"சனிக்கிழமை வழக்கு இல்லைத்தானே? உந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து எங்கடை வாசல்லை இருங்கோ."

"எனக்குச் சங்கீதம் ஒண்டும் தெரியாதே, அக்கா."

"ஆர் உங்களைப் பாடச் சொன்னது? கோட்டோடை இருந்தாக் காணும்."

இருந்தார். வெள்ளவத்தை வெயிலில் கறுப்புக் கோட்டும் வேர்வையுமாக, பத்திரிகை விரித்துக்கொண்டு, சனிக்கிழமை சனிக்கிழமையாக இருந்தார். ஒரு சங்கீதப் பள்ளிக்கூடத்துக்கு இப்படியும் ஒருவர் உதவலாம் என்று அக்காவைத் தவிர யாருக்கு நினைப்பு வரும்? ஒருநாள் சுற்றிவளைப்பு வந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மறித்துவிட்டு மண்டபத்துக்குள் ஏறினார்கள். லோயர் எழும்பிக் கோட்டை இழுத்துவிட்டு, நிதானமாகச் சிங்களத்தில் கதைத்தார். தாய்மாரின் பொலிஸ் பதிவுத் துண்டுகளைப் பார்த்தார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒருவரையும் ஜீப்பில் ஏற்றவில்லை. அக்கா லோயருக்கு ஒரு சோடா உடைத்துக் குடுத்து, "வாற சனிக்கிழமை நேரத்துக்கு வாங்கோ," என்றார்.

எங்கள் பெரிய மனிதர்கள்தான் பயந்துபோனார்கள். "லொட்ஜ் பிள்ளையளாலை எங்கடை பிள்ளையளுக்கும் கரைச்சல்," என்றார்கள் கொழும்புத் தாய் தகப்பன்மார். இவர்கள்தான் மண்டபங்களில் வடக்குச் சனத்துக்காக மூக்கைச் சிந்தினவர்கள். அழுவதற்கு வடக்கு வேண்டும். பக்கத்துப் பலகையில் வந்து இருந்தால் மட்டும் கரைச்சல். அந்த நேரம் பார்த்து மண்டபக்காரனும் கலியாண வரவேற்புகளுக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டான்.

மண்டபத்தை நீண்ட காலத்துக்கு எடுத்துத் தரத் தலைவரால் முடியும். தரவும் சம்மதித்தார். லோயர்தான் கதையைக் கொண்டுவந்தார். "லொட்ஜ் பிள்ளையளும் வரலாமாம். ஒண்டுதான் கேக்கிறார். தன்ரை மணிவிழாவிலை அக்கா நன்றியுரை சொல்லவேணுமாம். ஒருநாளாவது அவ வாயாலை என்ரை பேரைச் சொல்லட்டும் எண்டார்."

எனக்கு விசர் வந்தது. "போய்ச் சொல்லுங்கோ, அவற்றை மண்டபமும் மண்ணாங்கட்டியும் வேண்டாமெண்டு."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "பிள்ளையள் இருப்பினமோ?"

"இருப்பினம் எண்டு வாக்குத் தந்திட்டார்."

"அப்ப சொல்லுறன்."

மணிவிழாவுக்கு அக்கா பூச்சி உருண்டை மணக்கும் பட்டுச் சேலை உடுத்தி வந்தார். மேடையில் ஏறி, மைக்குக்கு முன்னால் நின்று, தலைவரின் பேரை மூன்று தரம் சொன்னார். பலகைக்கு நன்றி, மண்டபத்துக்கு நன்றி, மனதுக்கு நன்றி. டெலிபோனில் இலக்கம் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. கடைசியில் கைகூப்பித் தலை குனிந்தார். மண்டபமே கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்தார். நான் பக்கவாட்டில் பிள்ளைகளோடு நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலை யாருக்கும் குனிந்து நான் கண்டதில்லை. இனியும் காணக்கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனால், மண்டபத்துக் கேற்றில் புதுக் காவல்காரன். கொழும்பில் நிரந்தர விலாசம் உள்ள பிள்ளைகள் மட்டும் உள்ளே. லொட்ஜ் விலாசம் செல்லாது. தர்சினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். உள்ளே மற்றப் பிள்ளைகள் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளிக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ரீச்சர், நான் பழகிக்கொண்டுதான் வந்தனான்," என்றாள். பழகாததற்குத்தான் வெளியே விட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது.

வயது போனால் கோபம் தணியும் என்கிறார்கள். பொய்.

தலைவர் உள்ளேதான் இருந்தார். நான் போய் நின்று கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மண்டபம் தாறன் எண்டன், தந்தனான்தானே. இது கொமிற்றி எடுத்த முடிவு, தங்கச்சி. நிலைமை சரிவரட்டும், பாப்பம்." அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்து தலையாட்டினவர்களில் ஒருவர்தான் போன மாதம் பாயாசம் குடித்துக்கொண்டு எனக்கு நன்றியைப் பற்றிப் படிப்பித்தவர்.

அக்கா கத்தவில்லை. என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்து, "வாணிவிழா எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

சரஸ்வதி பூசையான வாணிவிழா அன்று மண்டபம் நிறையச் சனம். கும்பம் வைத்து, வாத்தியங்களுக்குச் சந்தனம் பூசி, கொழும்புப் பிள்ளைகள் பாடி முடித்து, தலைவரும் பேசி முடித்தார். நன்றியுரைக்குச் செயலாளர் எழும்பி மைக்கைத் தட்டினார். அதற்குள் பின்வரிசையிலிருந்து அக்கா எழும்பிவிட்டார். மைக் இல்லை. எக்ஸ்சேஞ்ச் குரலுக்கு மைக் தேவையுமில்லை.

"மணிவிழாவிலை இதே மேடையிலை தலைவருக்கு ஒரு நன்றி சொன்னனான். பிள்ளையள் இருப்பினம் எண்டு வாக்குத் தந்தபடியாத்தான் சொன்னனான். பிள்ளையளை வெளியிலை விட்டாச்சு. அதாலை அந்த நன்றியை இண்டைக்குத் திருப்பி எடுக்கிறன். எல்லாருக்கும் முன்னாலை சொன்னது, எல்லாருக்கும் முன்னாலையே எடுக்கிறன்."

அக்கா குடையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்து, திரும்பினார்.

"பலகையைத் தரமாட்டன். அது பிள்ளையளுக்குத் தந்தது. நாளைக்குக் காலமை ஆளோடை வந்து எடுப்பன்."

லோயர் எழும்பினார். நான் சாமிப் படத்துக்கு முன்னால் சந்தனத்தோடு கிடந்த என் வயலினை எடுத்தேன். பூசை முடியாமல் வாத்தியம் எடுக்கக்கூடாது என்று யாரோ ஒரு மனுசி முணுமுணுத்தாள். சரஸ்வதிக்குக் கோபமென்றால் அவவோடு நான் பிறகு கதைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் கைவண்டியில் பலகை வந்து இறங்கியது தர்சினி இருந்த லொட்ஜின் சாப்பாட்டறையில். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் போக விடாவிட்டால் பள்ளிக்கூடம் பிள்ளைகளிடம் வரட்டும் என்பது அக்காவின் கணக்கு. லொட்ஜ் முதலாளி தீவுப்பகுதி ஆள், சிடுசிடுத்த மனுசன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரைக்கும்தான் அறை, ஒரு நிமிசம் பிந்தக்கூடாது என்றார். மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பலகையைப் போட்டோம். குழம்பு மணத்துக்குள் தம்புரா மீட்டினோம். லோயர் வாசலில் கோட்டோடு இருந்தார். பின்னேரம் முடியும்போது முதலாளி கதவடியில் வந்து நின்றார். அறையைத் தந்தவர், ஒரு சொல் வரும் என்று பார்த்து நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது.

அக்கா கைப்பையைப் பூட்டிக்கொண்டு, "நாளைக்கும் வருவம்," என்றார்.

முதலாளி அக்காவையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேசைக்குக் கீழை குழம்பு ஊத்துப்பட்டுக் கிடக்கும். துடைச்சு விடச் சொல்லுறன்," என்றார்.

அந்தப் பள்ளிக்கூடம் அங்கே எவ்வளவு காலம் நடந்தது, எத்தனை பிள்ளைகள் வந்து போனார்கள் என்றெல்லாம் நான் எண்ணி வைக்கவில்லை. மண்டபத்துப் பள்ளிக்கூடம் இப்போது பெரிதாகிவிட்டதாம். தலைவரின் படம் மாட்டியிருக்கிறதாம். மாட்டட்டும். கலியாண வீட்டில் அந்த மனிதரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "அவ நன்றி சொன்ன ஆள் ஒராள்தான். அவருக்குத்தான் அவவின்ரை முகத்திலை பிறகு முழிக்க ஏலாமல் போச்சு." விளங்கியிருக்காது. இவர் என்னை இழுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

தர்சினிக்குப் பயணம் சரிவந்த நாளில், தாய் அவளுக்குத் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, சாப்பாட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றே புறப்பாடு. பெட்டிகள் கட்டி வாசலில் இருந்தன. "அக்காவுக்கு நன்றி சொல்லு, பிள்ளை," என்று தாய் அவளை முன்னால் தள்ளினாள். அவள் வாயைத் திறக்க முதல் அக்கா தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையை எடுத்ததும் தர்சினி அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நாளைக்கும் வருவன், அக்கா," என்றாள்.

"ஓம். நேரத்துக்கு வா," என்றார் அக்கா.